பதில் வரியைக் கவனி: வசனத்திலிருந்து காட்சியின் உணர்வு பிறப்பதைக் கற்பிக்கும் வழி

ஒரு நாடகக் காட்சியைக் கையில் கொடுத்து, "இதில் என்ன மூட் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் உணர்ச்சியின் பெயரைத் தேடுவார்கள். 'பயம்' என்ற சொல் எங்கேயாவது தென்பட்டால் பயம். 'கண்ணீர்' தென்பட்டால் சோகம். அதுவும் கிடைக்காவிட்டால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்பைப் பார்த்து எழுதிவிடுவார்கள். நாடகம் கற்பிக்கிற எனக்கு முதல் வேலை இந்தத் தேடலை நிறுத்துவதுதான். காட்சியின் உணர்வு எந்த ஒரு வரிக்குள்ளும் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் ஒன்று சொல்கிறார். மற்றவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார், எதைப் பதிலாகத் தருகிறார், எதைத் தராமல் விடுகிறார்? அங்கேதான் அது உண்டாகிறது. எனவே பாடம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: பதில் வரியைக் கவனி.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாத்திரத்தின் உணர்ச்சி வேறு, காட்சியின் உணர்வு வேறு. ஒரு தந்தை, நாளைக்கு மகன் ஊர் திரும்புகிறான் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே அவன் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார். அந்த மகன் இறந்துவிட்டான் என்பது முந்தைய காட்சியிலேயே நமக்குத் தெரியும். தந்தையிடம் இருப்பது மகிழ்ச்சி. அரங்கில் இருப்பது தாங்க முடியாத துயரம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் "மேடையில் இருப்பவர் என்ன உணர்கிறார்?", வலப்பக்கம் "பார்த்துக்கொண்டிருக்கும் நீ என்ன உணர்கிறாய்?" என்று எழுதுங்கள். இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும் காட்சிகள் உண்டு, எதிரெதிராக இருக்கும் காட்சிகளும் உண்டு என்று புரிந்தால் போதும், இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

உணர்ச்சியில்லாமல் படிக்கச் சொல்லுங்கள்

நாடகப் பட்டறைகளில் ஒரு பயிற்சி பிரபலம். "வந்துட்டியா?", "வந்துட்டேன்", "சரி, உட்காரு" என்பது போல எந்த நிறமும் இல்லாத வரிகளைக் கொடுத்து, கோபமாகச் சொல், பயந்து சொல், சிரித்துக்கொண்டு சொல் என்பார்கள். நடிகர்களுக்கு அது அருமையான பயிற்சி. நம் பாடத்துக்கு மட்டும் அது இடைஞ்சல். குரலை மாற்றினால் எல்லாம் மாறிவிடும், வசனத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை அது மாணவர் மனதில் விதைத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

ஆகவே இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வைக்கிறேன். முகம் பார்க்கக் கூடாது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இப்படி வாசித்த பிறகும் கேட்பவர்களுக்கு ஏதோ ஒன்று தோன்றினால், அதற்கு நடிப்பு காரணமில்லை. சொற்களும் அவை வந்த வரிசையும்தான் காரணம். வசனத்தின் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. முதல் சில நிமிடம் சிரிப்பார்கள். விட்டுவிடுங்கள், தானாக அடங்கும்.

ஒரே முதல் வரி, மூன்று காட்சிகள்

இந்தப் பாடத்துக்காக நான் எழுதி வைத்திருக்கும் மூன்று துண்டுக் காட்சிகளை இங்கே தருகிறேன். அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். மூன்றிலும் ஒரு மகள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், அம்மா பக்கத்தில் நிற்கிறாள். வேறு எந்தத் தகவலும் மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

முதலாவது:

அம்மா: எல்லாம் எடுத்து வச்சிட்டியா?
மகள்: வச்சிட்டேன்மா.
அம்மா: அந்த நீலப் போர்வை?
மகள்: அது உங்களுக்கு வேணும்ல.
அம்மா: எனக்கென்ன, இங்க குளிரவா போகுது?
மகள்: போன வாரம் குளிர்ல ராத்திரியெல்லாம் தூங்கலன்னு சொன்னீங்க.
அம்மா: எடுத்து வைடி.

இரண்டாவது:

அம்மா: எல்லாம் எடுத்து வச்சிட்டியா?
மகள்: என்னோடதை மட்டும்தான் எடுத்திருக்கேன்.
அம்மா: நான் ஒண்ணும் சொல்லலையே.
மகள்: சொல்லலை. பார்த்தீங்க.
அம்மா: அந்த நீலப் போர்வை?
மகள்: பெட்டியைத் திறந்து காட்டட்டுமா?

மூன்றாவது:

அம்மா: எல்லாம் எடுத்து வச்சிட்டியா?
மகள்: மெதுவாப் பேசுங்க.
அம்மா: போர்வை?
மகள்: வேணாம். கனம்.
அம்மா: குளிருமே.
மகள்: விளக்கை அணைங்கம்மா.

மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த வரியில் உனக்குத் தெரிந்தது?" என்ன உணர்வு என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டால் உடனே ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எந்த வரி என்று கேட்டால் மறுபடியும் தாளைப் பார்க்க வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார்: மூன்று காட்சியிலும் முதல் வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றே, இரண்டாவது வரியில்தான் பாதை பிரிகிறது.

இங்கே நிதானமாக நில்லுங்கள். பாடத்தின் சாரம் இதுதான். முதல் காட்சியில் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள். இரண்டாவதில் கேட்காத ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறாள். மூன்றாவதில் பதிலே சொல்வதில்லை. அவளுடைய பதிலால் மேடையில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், அல்லது தூங்குவதாக இவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 'பயம்' என்ற சொல் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை.

அடுத்து போர்வையைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். மூன்றிலும் அதே போர்வைதான். முதலாவதில் அதை இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். இரண்டாவதில் அதுவே சந்தேகத்துக்குரிய பொருள் ஆகிவிடுகிறது. மூன்றாவதில் அது வெறும் எடை, ஓட வேண்டியவளுக்குத் தடை. ஒரு பொருளின் அர்த்தத்தை வசனம் எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது காட்சியில் "குளிருமே" என்ற வரியை நீக்கிவிட்டு இன்னொரு முறை வாசிக்க வையுங்கள். காட்சி இன்னும் வேகமாகத்தான் போகும், பதற்றமும் இருக்கும். ஆனால் அம்மா காணாமல் போய்விடுவாள். தப்பிக்க உதவும் யாரோ ஒருத்தி மட்டும் நிற்பாள். அந்த ஒற்றைச் சொல் வரியால்தான் அச்சத்துக்குள் பாசம் கலக்கிறது. நல்ல நாடகங்களில் உணர்வு பெரும்பாலும் இப்படிக் கலந்தே வரும் என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் தாங்களாகவே உணர்கிறார்கள். ஒரு மாணவி இதே காட்சியைப் பற்றி வகுப்பில் சொன்னதை நான் அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் எடுத்துச் சொல்கிறேன். "மிஸ், அந்த அம்மா ஒரு தடவைகூட 'ஏன்'னு கேட்கலை. அப்போ அவங்களுக்குக் காரணம் தெரியும்." கேட்கப்படாத கேள்வியையும் வசனமாகப் படித்த பெண் அவள்.

பென்சிலோடு படிப்பது

உணர்ந்து சொல்வது எல்லா மாணவர்களுக்கும் உடனே வராது. "எனக்கு ஒண்ணும் தோணலை மிஸ்" என்பவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கையில் வேலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓரத்தில் அந்த வரியில் எத்தனை சொற்கள் என்று எழுதச் சொல்வேன். மேலே உள்ள மூன்றாவது காட்சிக்கு 3, 2, 1, 2, 1, 2 என்று வரும். முதல் காட்சிக்கு 3, 1, 3, 3, 4, 6, 2. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எதில் மூச்சு முட்டுகிறது, எதில் பேச்சு மெல்ல நீள்கிறது என்று கண்ணுக்கே தெரியும். முதல் காட்சியில் 6 வரை ஏறிய எண்ணிக்கை கடைசியில் ஏன் சட்டென்று 2க்கு இறங்குகிறது என்று கேளுங்கள். அம்மாவிடம் பதில் இல்லை, அழுகை வருமுன் பேச்சை முடித்துவிடப் பார்க்கிறாள். இதை எண்ணிக்கையிலிருந்தே கண்டுபிடித்துச் சொன்ன பையன்கள் உண்டு.

குறுகிய வரி என்றாலே பதற்றம் என்று ஒரு சூத்திரம் போட்டுவிட வேண்டாம். நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் ஒற்றைச் சொல்லிலேயே ஒரு மணி நேரம் பேசுவார்கள், அங்கே இருப்பது நிம்மதி. நீளம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதுதான் தடயம்.

பிறகு கேள்விக்குறிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேரான பதில் வந்ததா? வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. பதிலுக்குப் பதில் இன்னொரு கேள்வியே வந்தால் இரண்டு சுழி. சுழிகள் குவிகிற இடத்தில் காட்சி இறுகிக்கொண்டிருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' இதைக் காட்டுவதற்காகவே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும் அளவுக்குப் பொருத்தமானது. நாடகத்தின் முதல் வரியே ஒரு கேள்வி: "யாரங்கே?" நள்ளிரவு, கோட்டைக் காவல். இந்தக் கேள்வியைக் காவலில் நிற்பவன்தானே கேட்க வேண்டும்? கேட்பவன் அவனில்லை. காவல் மாற்ற வருகிற பெர்னார்டோ கேட்கிறான். காவலில் நிற்கும் பிரான்சிஸ்கோவோ பதில் சொல்லாமல், "இல்லை, நீ எனக்குப் பதில் சொல்; நின்று, யாரென்று காட்டு" என்று திருப்புகிறான். கொஞ்சம் கழித்து, குளிர் கடுமையாக இருக்கிறது, மனசும் சரியில்லை என்கிறான்; ஏன் என்று சொல்வதில்லை. ஆவியைப் பற்றி இன்னும் ஒரு சொல் வரவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. மாணவர்களிடம் கேள்வியைச் சரியான ஆளிடம் மாற்றிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிரான்சிஸ்கோ "யாரங்கே?" என்கிறான், "நான்தான், பெர்னார்டோ" என்று பதில் வருகிறது. சாதாரணக் காவல் மாற்றம் ஆகிவிடும். இந்த மாற்றத்தைக் கேட்ட பிறகு அசல் வடிவத்துக்குத் திரும்பினால், வகுப்பில் ஒரு அமைதி வரும்.

'மாக்பெத்' இரண்டாம் அங்கத்தில் அரசனைக் கொன்றுவிட்டு மாக்பெத் இறங்கி வரும் இடமும் உதவும். கொலையை நாம் மேடையில் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் கணவன் மனைவி பேச்சுதான். "நீங்கள் பேசவில்லையா?" "எப்போது?" "இப்போது." "நான் இறங்கி வரும்போதா?" "ஆம்." ஒன்றுக்கும் உதவாத உரையாடல் என்று ஒரு மாணவர் சொன்னால் பாராட்டுங்கள், அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் மனது வேறு எங்கோ இருக்கிறது, காது மட்டும் வேலை செய்கிறது. உடனே அடுத்த காட்சியில் குடிபோதையிலிருக்கும் வாயிற்காவலன் வந்து உளறுகிறான், அரங்கம் சிரிக்கிறது. ஆனால் முந்தைய காட்சியில் தொடங்கிய கதவு தட்டும் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உணர்வு மாறுகிற எல்லையைக் குறிக்கச் சொல்ல இதைவிட நல்ல பகுதி கிடைப்பது கடினம். சில மாணவர்கள் எல்லை இல்லவே இல்லை, சிரிப்புக்கு அடியில் பயம் தொடர்கிறது என்பார்கள். வாதாட விடுங்கள்.

தமிழ் வாக்கியம் தரும் கருவிகள்

மொழிபெயர்ப்பு நாடகங்களை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் ஒரு பெரிய செல்வம் கைநழுவிப் போகும். தமிழில் வினை பொதுவாக வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் ஒருவர் பேச்சைப் பாதியில் வெட்டினால், வெட்டப்படுவது பெரும்பாலும் வினைதான். "நான் அந்தக் கடிதத்தை..." என்று ஒரு பாத்திரம் நிறுத்தினால், படித்தாளா, கிழித்தாளா, எரித்தாளா, கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்தேவிட்டாளா என்று தெரியாமல் பார்வையாளர் தொங்கிக்கொண்டு நிற்பார். அதையே புரட்டி, "எரிச்சிட்டேன், அந்தக் கடிதத்தை" என்று எழுதினால் செய்தி முதல் சொல்லிலேயே இடியாக விழுந்துவிடும். மீதி வெறும் எதிரொலி. ஒரு காட்சியில் காத்திருப்பு வேண்டுமா, அதிர்ச்சி வேண்டுமா என்பதை இந்த ஒரு இடமாற்றமே முடிவு செய்கிறது. மாணவர்களுக்கு ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, எங்கே வெட்டினால் அதிகம் தவிப்பு வரும் என்று கோடு போடச் சொன்னால் ஒரு வகுப்பு முழுக்க ஓடும்.

அடுத்தது விளிப்பும் மரியாதையும். மேலே உள்ள காட்சிகளில் மகள் 'அம்மா' என்பதை எங்கே சேர்க்கிறாள் என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலாவதில் "வச்சிட்டேன்மா." மூன்றாவதில் "அணைங்கம்மா." இரண்டாவதில் எங்குமே இல்லை. மூன்றாவது காட்சி எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அவர்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை அந்த ஒட்டுச் சொல் காட்டிக்கொடுக்கிறது. முதல் காட்சியில் கடைசி வரிக்கு வரும்வரை அம்மா 'டி' போடவில்லை என்பதையும் கவனிக்க வையுங்கள். எப்போதும் 'டா' போட்டுப் பேசுகிற நண்பர்களில் ஒருவன் திடீரென்று "சொல்லுங்க" என்றால், மேடையில் யாரும் குரலை உயர்த்தாமலே சண்டை தொடங்கிவிட்டது. மரியாதை கூடினால் அன்பு கூடுகிறது என்று இளைய மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எந்த உறவில், எந்த இடத்தில் கூடியது என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

ஈற்றில் ஒட்டும் சிறு சொற்களுக்கும் ஒரு சுற்று நேரம் ஒதுக்குங்கள். வந்தான், வந்தானே, வந்தானா, வந்தானோ, வந்தான்ல: ஐந்தையும் ஒரே கேள்விக்குப் பதிலாக வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், விளக்கம் அவர்களே தருவார்கள்.

பாத்திரங்கள் ஏட்டு நடையில் பேசுவதா, பேச்சு நடையில் பேசுவதா என்ற விவாதத்தை நான் சுருக்கமாகவே முடித்துவிடுவேன். இயல்பான காட்சிக்குப் பேச்சு நடை. அதற்கு நடுவில் ஒருவர் மட்டும் ஏட்டு நடைக்கு மாறினால் அது தற்செயலாக இருக்கக் கூடாது. அவர் விலகுகிறார், அல்லது ஒளிந்துகொள்கிறார்.

பேசாத இடம்

மௌனத்தையும் வசனத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஆங்கில நாடக ஆசிரியர் ஹரால்ட் பின்டர் தன் நாடகப் பிரதிகளில் மூன்று புள்ளிகள், இடைநிறுத்தம், மௌனம் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்தவர். வகுப்பில் அந்த மூன்றையும் ஒரு நொடி, மூன்று நொடி, ஐந்து நொடி என்று தோராயமாக வைத்துக்கொண்டு, இரண்டாவது காட்சியில் "சொல்லலை" என்பதற்கும் "பார்த்தீங்க" என்பதற்கும் நடுவில் எது பொருந்தும் என்று முயன்று பார்க்கலாம். ஐந்து நொடி என்பது மேடையில் எவ்வளவு நீளம் என்று மாணவர்கள் அப்போதுதான் அறிவார்கள். ஒரு காட்சியில் ஒரே ஒரு நீண்ட மௌனத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். அனுமதித்தால் எல்லா வரிக்கும் நடுவில் ஒன்று வைத்துவிடுவார்கள்.

ஒருவர் நீளமாகப் பேசும் பகுதி வந்தால், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் யார், அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டிருக்க முடியும், ஏன் குறுக்கிடவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

சொல்வளம்

சோகம், சந்தோஷம், பயம், கோபம். பெரும்பாலான விடைத்தாள்களில் இந்த நான்கைத் தாண்டி எதுவும் இருக்காது. தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டைத் தருகிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). இதை மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்திவிட்டுப் போவது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் அதன் உண்மையான பயன், ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்று அது பிரித்துச் சொல்வதில் இருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. "காட்சி சோகமாக இருக்கிறது" என்று எழுதிய மாணவரிடம், "இந்த நான்கில் எது?" என்று கேட்டால், அவர் திரும்பவும் வசனத்துக்குத்தான் போயாக வேண்டும்.

அச்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை. இங்கே 'இறை' என்பது தனக்கு மேலே இருக்கும் அதிகாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதை வைத்து நான் ஒரு பயிற்சி தருகிறேன். திருடனைக் கண்டு பயப்படுபவன் எப்படிப் பேசுவான்? மேலதிகாரியைக் கண்டு பயப்படுபவன் எப்படிப் பேசுவான்? முதலாமவன் வரிகள் துண்டு துண்டாகும். இரண்டாமவன் வரிகள் நீளும், மரியாதைச் சொற்கள் பெருகும், ஒவ்வொரு வாக்கியமும் தன்னைத்தானே திருத்திக்கொண்டே போகும்: "இல்லைங்க, நான் அப்படிச் சொல்லலைங்க, அதாவது சொன்னேங்க, ஆனா அந்த அர்த்தத்துல இல்லைங்க." இரண்டும் அச்சம்தான், வசனத்தின் வடிவம் நேரெதிர். ஒரே பெயருள்ள உணர்வு இரண்டு விதமாக ஒலிக்கும் என்று மாணவர்கள் கண்டுகொள்வது இங்கேதான்.

எழுத வைப்பது

படித்துக் கண்டுபிடித்ததை எழுதிப் பார்த்தால்தான் கை வசப்படும். எட்டு வரிக் காட்சி, இரண்டே பாத்திரங்கள். உணர்ச்சியின் பெயரைச் சொல்லக் கூடாது. அடைப்புக்குறிக்குள் 'கோபத்துடன்', 'நடுங்கியபடி' போன்ற குறிப்புகள் கூடாது. ஆச்சரியக்குறியும் கூடாது. முதல் வரியை நானே கொடுத்துவிடுவேன்: "யாரோ வந்திருக்காங்க." மீதி ஏழு வரி அவர்களுடையது.

இதற்கு வரும் இரண்டாவது வரிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. "நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு" என்று ஒருவர் எழுதியிருப்பார். "இந்நேரத்துக்கா?" என்று இன்னொருவர். ஒரு மாணவர் எழுதியது: "அப்பாவோட செருப்பு மாதிரி இருக்கு." நல்ல ஆரம்பம், ஆனால் இது எந்தப் பக்கமும் போகலாம் என்று வகுப்பு சொன்னது. அவர் மூன்றாவது வரியைப் படித்தார்: "அதை நாம குடுத்துட்டோமே." அவ்வளவுதான், கேட்டவர்களுக்குச் சிலிர்த்துவிட்டது. யாரும் அலறவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. பதில் வரிக்கு ஒரு பதில் வரி, அதிலேயே எல்லாம் நடந்துவிட்டது.

முதல் வரைவைத் திருத்தும்போது நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் குறிப்பேன்: எங்கெல்லாம் பதில், கேள்வி எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறதோ அந்த வரிக்குக் கீழே ஒரு புள்ளி. எழுத்துப்பிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காட்சி முழுக்கப் புள்ளியாக இருந்தால் அது தகவல் பரிமாற்றம். இரண்டு மூன்று இடத்திலாவது பதில் விலகிப் போக வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். முடிந்தவர்களுக்கு இன்னொரு சவால் உண்டு. "எல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்ற அதே கேள்வியைப் பல ஆண்டுகள் கழித்து, மருத்துவமனைக்குக் கிளம்பும் அம்மாவிடம் மகள் கேட்பதாக ஒரு காட்சி. திரும்ப வரும் வரிக்கு எவ்வளவு பலம் என்று இதில் தெரிந்துவிடும்.

மதிப்பிடுவது

தேர்வில் "இந்தக் காட்சியின் உணர்வு என்ன?" என்று மட்டும் கேட்டால் ஊகத்துக்குத்தான் மதிப்பெண் போட வேண்டிவரும். நான் கேட்பது இப்படி: உணர்வைச் சொல், அது எந்த வரியில் உறுதியானது என்று காட்டு, அந்த வரிக்குப் பதிலாக வேறொரு பதில் வரியை நீயே எழுதி, காட்சி எப்படி மாறுகிறது என்று சொல். பத்து மதிப்பெண் என்றால் முதல் பகுதிக்கு 2, நடுப்பகுதிக்கு 4, கடைசிக்கு 4. மாற்று வரியை எழுதத் தெரிந்தவருக்கு அசல் வரி என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கிறது. மனப்பாடம் செய்து எழுத முடியாத பகுதியும் அதுதான்.

இரண்டு மாணவர்கள் ஒரே காட்சிக்கு இரண்டு வெவ்வேறு உணர்வு சொன்னால் இருவருக்கும் மதிப்பெண் தரத் தயங்க வேண்டாம், வரியைக் காட்டினால் போதும். 1904இல் 'செர்ரித் தோட்டம்' மாஸ்கோவில் அரங்கேறியபோது, அதன் ஆசிரியரான ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் அதை நகைச்சுவை நாடகம் என்றே எழுதியிருந்தார். மேடையேற்றிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகமாகக் கண்டார். இரண்டு பேரும் படித்தது ஒரே வசனம். அதன் கடைசி அங்கத்தில், லோபாகின் வார்யாவிடம் திருமணத்தைப் பற்றிப் பேசப் போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்து இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் மூட்டைகளுக்கு நடுவே எதையோ தேடுவது போல இருக்கிறாள். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான், மூன்று டிகிரி உறைபனி என்கிறான். அவள், தான் பார்க்கவில்லை, வெப்பமானியும் உடைந்துவிட்டது என்கிறாள். வெளியே யாரோ கூப்பிட, அவன் போய்விடுகிறான். இதைப் படித்து வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேருக்குத் தொண்டை அடைக்கும். இரு தரப்பையும் அந்த உடைந்த வெப்பமானி வரியைச் சுட்டிக்காட்டித் தங்கள் பக்கத்தை நிறுவச் சொல்லுங்கள். அடுத்த வகுப்புக்கு, லோபாகின் கேட்டேவிட்டதாக வைத்துக்கொண்டு அந்த இடத்தை ஆறு வரியில் எழுதிவரச் சொல்லுங்கள். எழுதி வந்ததை அசலுக்குப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் முதுகோடு முதுகு உட்கார வைத்து வாசிக்க வையுங்கள்.